ஜீப்பின் ப்ளீடர் ஸ்க்ரூ ஒடிந்துவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல்லில் இருந்துகொண்டு பழைய ஜீப் வைத்திருப்பவனுக்குக் கொல்லிமலை பக்கத்து வீடு மாதிரி. அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சினைப் பற்றிக் கவலை, இறங்கும்போது பிரேக்கைப் பற்றிக் கவலை. அதனாலோ என்னவோ, என்னிடம் வண்டியைப் பற்றிப் பேச வருபவர்களில் பாதிப் பேர் பிரேக்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதிலும் "காற்று எடுக்கப் போனேன், நிப்பிள் கையோடு வந்துவிட்டது" என்ற வரியை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் மெக்கானிக் அல்ல. என் வண்டியை நானே பிரித்து, நாலைந்து ஸ்க்ரூக்களை நானே ஒடித்து, அவற்றை எடுப்பதற்காக லேத் பட்டறை வாசலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவன். நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள பழைய மஹிந்திரா ஜீப், முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் உள்ள ஜிப்சி, தார் ஆகியவற்றை மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

ப்ளீடர் ஸ்க்ரூ என்பது எது? மெக்கானிக் நிப்பிள் என்கிறாரே, அதுவா?

அதேதான். பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்காக ஒவ்வொரு வீல் சிலிண்டரிலும் (டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் பாகம்) அல்லது கேலிப்பரிலும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இருக்கும் சிறு திருகாணி. டிரம் பிரேக் என்றால் சக்கரத்தின் உட்பக்கம், டிரம்மை மூடும் பேக் பிளேட் தகட்டுக்குப் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். டிஸ்க் என்றால் கேலிப்பரின் மேல் மூலையில் இருக்கும்.

இதன் அமைப்பைப் புரிந்துகொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு உங்களுக்கே பதில் தெரிந்துவிடும். ஸ்க்ரூவின் நடுவில் நீளவாக்கில் ஒரு துளை உண்டு. அது அடி நுனி வரை போகாது. நுனிக்குச் சற்று மேலே பக்கவாட்டில் திறக்கும். நுனி கூம்பு வடிவில் இருக்கும். சிலிண்டரில் ஸ்க்ரூ இறங்கும் துளையின் அடியில் அந்தக் கூம்பு உட்காருவதற்கு ஒரு இருக்கை கடைந்திருக்கும். ஸ்க்ரூவை இறுக்கும்போது கூம்பு இருக்கையில் அழுந்தி ஆயிலை அடைக்கிறது. அடைப்பது அந்த நுனிதான். மரைக்கு ஸ்க்ரூவை அழுத்திப் பிடிப்பது மட்டுமே வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இங்கேதான் வருவேன்.

இவ்வளவு சுலபமாக ஏன் ஒடிகிறது? நான் அவ்வளவு பலமாகக்கூடத் திருகவில்லையே?

நடுவில் துளை இருப்பதால் அது திருகாணி என்பதைவிட ஒரு மெல்லிய குழாய். பக்கவாட்டுத் துளை இருக்கும் இடத்தில் இரும்பு இன்னும் குறைவு. மரை துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டபின் தலையைத் திருகினால், மரை அசைவதற்கு முன்பே குழாய் முறுகிவிடும். நீங்கள் பலமாகத் திருகினீர்களா என்பதைவிட எத்தனை ஆண்டுகளாகத் திருகாமல் விட்டீர்கள் என்பதே இங்கே கணக்கு.

துரு இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. வெளியே ரப்பர் மூடி தொலைந்துபோன துளையில் சேறும் தண்ணீரும் தங்குகின்றன. உள்ளே பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கேலிப்பர் அலுமினியமாக இருந்தால் இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருக்கும்போது வரும் அரிப்பு வேறு.

காரில் இப்படி நடப்பதில்லையே, ஜீப்பில் மட்டும் ஏன்?

காரிலும் நடக்கும். ஆனால் ஓடையில் இறங்கும் வண்டியின் பேக் பிளேட் முழுக்கச் செம்மண் அப்பி, காய்ந்து, மறுபடி நனைகிறது. கற்பாதையில் டயர் தெறிக்கும் கல் நேராக நிப்பிள் மேல் விழுந்து ஒடிவதையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, நம்மில் பலருக்கு ஜீப் இரண்டாவது வண்டி. மழைக்காலத்தில் சேற்றில் ஓட்டிவிட்டுக் கழுவாமல் மாதக்கணக்கில் நிறுத்திவைத்திருப்போம்.

தலை மட்டும் ஒடிந்தது. ஆயில் கசியவில்லை. அப்படியே ஓட்டலாமா?

கூம்பு நுனி இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பெடல் கெட்டியாக நின்று, ஒருவர் பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடித்திருக்கும்போது ஒடிந்த இடத்தில் ஈரம் தெரியாவிட்டால், பட்டறை வரை நிதானமாக ஓட்டிப் போகலாம். ஆனால் ஒடிவதற்கு முன் ஸ்க்ரூ கால் சுற்றாவது தளர்ந்திருந்தால் இந்தப் பதில் பொருந்தாது. அது இன்றில்லாவிட்டால் நாளை கசியும்.

"கசியவில்லை, இருக்கட்டும்" என்று ஓராண்டு ஓட்டுபவர்களையும் அறிவேன். அந்தச் சக்கரத்தில் இனி காற்று எடுக்கவும் முடியாது, பழைய ஆயிலை வெளியேற்றவும் முடியாது. மலை இறங்குபவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதுவே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. தொடர்ந்து பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு எட்டாத உயரம் இல்லை. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரைவரை போகும்.

மலை மேல் ஒடிந்து ஆயில் ஒழுகுகிறது. எப்படியாவது கீழே இறங்கிவிடலாமா?

கூடாது. பழைய ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் பாகம்) ஒரே அறைதான். ஒரு சக்கரத்தில் ஆயில் போனால் நான்கிலும் பிரேக் போகும். இரண்டு அறை உள்ள வண்டியில் பாதி பிரேக் மிஞ்சும். அந்தப் பாதியை நம்பிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க நான் தயாராக இல்லை. முதல் கியரில், லோ ரேஞ்சில் எஞ்சினே பிடித்துக்கொள்ளும் என்பார்கள். கியர் ஒருமுறை நழுவினால் அப்புறம் பிடிக்க ஒன்றும் இருக்காது. பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக், கியர் பெட்டியை அடுத்த டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை, அதாவது அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டைப் பிடிப்பது. நிறுத்திய வண்டி உருளாமல் இருக்கத்தான் அது. ஓடும் வண்டியை நிறுத்த அல்ல.

அந்தச் சக்கரத்துக்குப் போகும் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு மற்ற மூன்று சக்கரங்களின் பிரேக்கோடு நகர்த்தும் வழக்கம் உண்டு. வழியை மறித்து நிற்கும் வண்டியைச் சமதளத்துக்கு நடை வேகத்தில் ஒதுக்க மட்டும் அது உதவும். சாலையில் அப்படி ஓட்டினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு இறங்குவதும் அதே அளவு ஆபத்து. நான் ஒருமுறை கொல்லிமலை மேல் செம்மேட்டில் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் நாமக்கல் வந்து, மறுநாள் புது வீல் சிலிண்டரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன். ஒரு நாள் போனது. அவ்வளவுதான் நஷ்டம்.

எம்சீல் வைத்து அடைத்தால் போதாதா?

டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 பார். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது குழாயில் எழும் அழுத்தம் 70, 80 பார், சமயத்தில் அதற்கும் மேல். போதாதென்று பிரேக் ஆயில் பெயின்டையே உரித்துவிடும் குணமுள்ளது. தண்ணீர்த் தொட்டிக்கு எம்சீல் நல்ல மருந்து. பிரேக் பக்கம் கொண்டுவராதீர்கள்.

இன்னும் ஒடியவில்லை, ஆனால் அசையவே இல்லை. ஒடியாமல் எப்படிக் கழற்றுவது?

இந்தக் கேள்வியை ஒடிப்பதற்கு முன்பு கேட்பவர் நூற்றில் ஒருவர். அவருக்காகக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதல் நாள் மாலையே கம்பி பிரஷால் சுற்றிலும் இருக்கும் மண்ணைச் சுரண்டி, மரை தொடங்கும் இடத்தில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். டபிள்யூடி-40 மாதிரி எது கிடைத்தாலும் சரி. காலையில் இன்னொரு முறை. நடுத்துளையில் அடைந்திருக்கும் மண்ணை மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள்.

அடுத்தது தட்டுவது. நடுத்துளைக்குள் அளவாக நுழையும் டிரில் பிட் ஒன்றின் வழவழப்பான அடித்தண்டைச் செருகுங்கள். குழாய் உள்ளே நசுங்காமல் அது தாங்கும். பிறகு ஸ்க்ரூவின் தலையில் தட்டை முனைக் கம்பி வைத்துச் சிறு சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு. ஆணி அடிப்பது போல வேண்டாம், கதவைத் தட்டுவது போலப் போதும். மரையில் உறைந்த துரு அந்த அதிர்வில்தான் உடைகிறது. சுற்றியுள்ள சிலிண்டர் உடம்பிலும் நாலு தட்டுத் தட்டலாம்.

இனி ஸ்பேனர். ஓபன் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம். ஆறு மூலை உள்ள சாக்கெட்தான் சிறந்தது. பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனர் தலையை உருட்டிவிடும். கைப்பிடி குட்டையாக இருக்கட்டும். என் முதல் ஸ்க்ரூவை ஸ்பேனரில் பைப் மாட்டி நீட்டித்தான் ஒடித்தேன். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அழுத்திப் பாருங்கள், பிறகு தளர்த்தும் பக்கம். மயிரிழை அசைந்தாலும் போதும். திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்தி, முன்னும் பின்னுமாக வாருங்கள். கையில் ரப்பரை முறுக்குவது போன்ற ஒரு இழுவை தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். ஸ்க்ரூ சுழலவில்லை, முறுகிக்கொண்டிருக்கிறது. அடுத்த வினாடி "டக்" என்று சத்தம் கேட்கும்.

சூடு வைக்கலாமா?

வைக்கலாம், சிலிண்டரைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு. உள்ளே இருக்கும் பிஸ்டன், ரப்பர் கப் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் சூடு வைத்தால் ரப்பர் போய்விடும். ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள உடம்பைச் சூடாக்குங்கள், ஸ்க்ரூவை அல்ல. உடம்பு விரிந்தால்தான் பிடி தளரும். கை வைக்க முடியாத சூடு வந்ததும் மரை ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் உருகிய மெழுகு மரைக்குள் இழுத்துக்கொண்டு போகும். எண்ணெயைவிட இது எனக்கு அதிகம் கைகொடுத்திருக்கிறது. அலுமினியக் கேலிப்பரில் எச்சரிக்கை தேவை: இரும்பு மாதிரி சிவந்து காட்டாமல் திடீரென்று உருகிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டப்பாவில் வரும் பிரேக் கிளீனர்கள் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அது ஒட்டியிருக்கும் பாகத்தைச் சூடாக்கினாலோ வெல்டிங் வைத்தாலோ ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. பிரேக் ஆயிலும் சூட்டில் தீப்பிடிக்கும். நன்றாகத் துடைத்து, காயவிட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள்.

தலை உருண்டுவிட்டது, ஸ்பேனர் வழுக்குகிறது.

அரத்தால் எதிரெதிர் இரண்டு பக்கத்தைத் தட்டையாக்கி ஒரு அளவு சிறிய ஸ்பேனர் போடலாம். அல்லது சற்றுச் சிறிய சாக்கெட்டைத் தட்டி இறக்கலாம். பூட்டு விழும் கிரிப் பிளையர் கடைசி வழி. அதைப் போடும் முன் நடுத்துளையில் டிரில் பிட் தண்டைச் செருக மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பிளையரே குழாயை நசுக்கிவிடும்.

ஒடிந்தே விட்டது. ஈஸி அவுட் போட்டு எடுக்கலாமா?

நடுவில் தயாராகத் துளை இருப்பதால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அங்கேதான் சிக்கல். ஈஸி அவுட் என்பது ஒடிந்த துண்டின் துளைக்குள் இறக்கித் திருகி எடுக்கும் கருவி; சாதாரண வகை போகப் போகத் தடிக்கும் வடிவம் கொண்டது. உள்ளே இறங்க இறங்க மெல்லிய சுவரை வெளிப்பக்கம் தள்ளி, மரையை இன்னும் இறுக்கிவிடும். போதாக்குறைக்கு ஈஸி அவுட் கடினமாக்கிய எஃகு. துளைக்குள் அது ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் பல்லே பதிக்காது. ஒரு பிரச்சினை இரண்டாகும்.

போட்டே ஆகவேண்டும் என்றால் தடிப்பு மாறாத நேர் வடிவ எக்ஸ்ட்ராக்டரைப் பாருங்கள். அதற்கும் முன்னால் மேலே சொன்ன சூடும் மெழுகும். அரைத் திருகில் வராவிட்டால் கையை எடுத்துவிட்டு அடுத்த வழிக்குப் போங்கள்.

வெல்டிங்கில் நட் ஒட்டித் திருகினால் வரும் என்கிறார்களே?

ஒடிந்த துண்டு கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இதுதான் எனக்குப் பிடித்த வழி. ஒரு நட்டைத் துண்டின் மேல் வைத்து, நட்டின் உள்ளே வெல்டிங் நிரப்பி, ஆறியபின் ஸ்பேனர் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். நட் பிடியைத் தருகிறது, வெல்டிங்கின் சூடு துருவை உடைக்கிறது. முதல் நட் பிய்த்துக்கொண்டு வந்தால் இன்னொன்று வைக்க வேண்டும்.

இதையும் சிலிண்டரைக் கழற்றிவைத்தே செய்ய வேண்டும். வண்டியில் வைத்துத்தான் வெல்டிங் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் அந்தப் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

டிரில் போட்டு எடுப்பது எப்படி? நானே செய்யலாமா?

செய்யலாம், கை டிரில்லில் வேண்டாம். சிலிண்டரை டிரில்லிங் மெஷினில் அசையாமல் கவ்வ வேண்டும். ஸ்க்ரூவின் நடுத்துளையே வழிகாட்டி. அதைவிட அரை மில்லிமீட்டர் பெரிய பிட்டில் தொடங்கி, அரை அரை மில்லிமீட்டராகப் பெரிதாக்கிக்கொண்டு போனால், கடைசியில் மரைச் சுருள் மட்டும் மெல்லிய கம்பி போல மிஞ்சும். அதைக் கூர்மையான ஊசியால் உரித்தெடுத்து, அதே அளவு டேப்பை (மரை வெட்டும் கருவி) மெதுவாக விட்டு மரையைச் சுத்தம் செய்யலாம். எம்8 × 1.25 (8 மி.மீ. தடிமன், 1.25 மி.மீ. மரை இடைவெளி) மரைக்கு 6.8 மி.மீ.க்கு மேல் டிரில் போகக் கூடாது. எம்10 × 1 என்றால் 9 மி.மீ.

ஆழம்தான் உயிர்நாடி. புது ஸ்க்ரூவைப் பக்கத்தில் வைத்து, மரை எதுவரை இருக்கிறது, கூம்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, டிரில் பிட்டில் அந்த அளவில் ஒட்டு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். பிட் அதைத் தாண்டி இறங்கி இருக்கையைத் தின்றுவிட்டால், முதல் கேள்வியில் சொன்ன அடைப்பு போயிற்று. சிலிண்டர் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

முடிந்ததும் துகள்களைக் கழுவுவதற்கு டிரில் போட்ட நேரத்தில் பாதியாவது ஒதுக்குங்கள். சுத்தமான பிரேக் ஆயிலிலோ ஸ்பிரிட்டிலோ கழுவலாம். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றும் ஆகாது: மிச்சம் ஒரு சொட்டு இருந்தாலும் ரப்பர் கப் ஊதிப் பெருத்துப் பிரேக் இறுகிக்கொள்ளும்.

மரை போய்விட்டது. அடுத்த பெரிய அளவுக்கு டேப் போடலாமா?

மரை பிடிக்க மட்டுமே என்பதால் கொள்கையளவில் முடியும். ஆனால் பெரிய ஸ்க்ரூவின் கூம்பு பழைய இருக்கையில் நடுவாகவும் சரியான கோணத்திலும் உட்கார வேண்டும். துளை துளியளவு சாய்ந்தாலும் ஒரு பக்கம் கசியும். லேத் பட்டறையில் கை தேர்ந்தவர் நேராகத் துளைத்து, இருக்கையையும் புதிதாகக் கடைந்து தந்தால் நம்பலாம். லாரிகள் நிறைந்த நாமக்கல்லில் அப்படிப்பட்ட கைகளுக்குப் பஞ்சமில்லை. சிறிய ப்ளீடரைத் தாங்கும் புஷ் ஒன்றை மரையோடு பொருத்தும் முறையும் உண்டு. சிலிண்டரின் சுவர் தடிமன் இடம் கொடுக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? வீல் சிலிண்டரையே மாற்றிவிடலாமே?

டிரம் பிரேக் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஒடிந்த துண்டோடு அரை நாள் போராடும் கூலிக்கும் பதற்றத்துக்கும் புது வீல் சிலிண்டர் மேல். ஸ்க்ரூ இந்த அளவுக்குத் துருப்பிடித்த சிலிண்டரின் உட்சுவர் பெரும்பாலும் குழி விழுந்துதான் இருக்கும். இன்று ஸ்க்ரூவைக் காப்பாற்றினால் ஆறு மாதத்தில் கப் கசியும். டிஸ்க் கேலிப்பர் விலை கூடுதல். அதற்கு மட்டும் லேத் பட்டறைக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம். உதிரிபாகம் கிடைக்காத மிகப் பழைய ஜீப்புக்கும் அதே வழி.

கழற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. ஸ்க்ரூ பிடித்துக்கொண்ட வண்டியில் பிரேக் பைப்பின் நட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே திருகுங்கள். இதற்கென்று வாய் திறந்த ரிங் ஸ்பேனர் உண்டு, அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

கடையில் புது ஸ்க்ரூ என்ன அளவு என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

ஒடிந்த துண்டையும் வண்டியின் இன்னொரு சக்கரத்து ஸ்க்ரூவையும் கையில் கொண்டுபோங்கள். மெட்ரிக்கில் எம்7 × 1, எம்8 × 1.25, எம்10 × 1 ஆகியவை பரவலாக வருபவை. மஹிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டித் தொடங்கிய வழியில் வந்த பழைய வண்டிகளில் அங்குல மரையும் கலந்து கிடைக்கும். இரண்டு சுற்று கையால் சுலபமாக ஏறி, மூன்றாவது சுற்றில் இறுகினால் மரை பொருந்தவில்லை; ஸ்பேனரை எடுக்காதீர்கள். மரை பொருந்தினால் மட்டும் போதாது. கூம்பின் வடிவமும், மரைக்குக் கீழே நுனி நீளமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். நுனி குட்டையாக இருந்தால் தலை இறுகிவிடும், நுனி இருக்கையைத் தொட்டிருக்காது.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் கசிவு நிற்குமா?

நிற்காது. அடைப்பது நுனி என்று முதல் கேள்வியிலேயே பார்த்தோம். இறுக்கியபின்னும் கசிந்தால் கூம்போ இருக்கையோ கெட்டிருக்கிறது. டேப் அந்தக் கசிவைக் கொஞ்ச நாள் மறைக்கும், பிய்ந்த துணுக்கு உள்ளே போய் வேறு துளையை அடைக்கவும் செய்யும். உறிஞ்சும் பம்பு வைத்துக் காற்று எடுப்பவர்கள், மரை வழியாக வெளிக்காற்று புகாமல் இருக்க மரையில் கிரீஸ் பூசுவது வேறு விஷயம்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

கையேட்டில் இருக்கும் அளவு. எம்8 ஸ்க்ரூவுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டரைச் சுற்றி இருக்கும். குட்டை ஸ்பேனரை விரல்களால் பிடித்து, நுனி உட்கார்ந்ததை உணர்ந்தபின் மெல்ல ஒரு அழுத்து. கசியுமோ என்ற பயத்தில் முழங்கை பலத்தைக் காட்டுபவர்கள்தான் அடுத்த முறை ஒடிப்பவர்கள்.

எந்தச் சக்கரத்தில் தொடங்கிக் காற்று எடுப்பது? எந்த ஆயில்?

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருப்பது முதலில். நம் ஊர் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் வழக்கமாக இடப் பின், வலப் பின், இட முன், வல முன் என்று வரும். கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. சுமைக்கேற்பப் பின் பிரேக்கைக் குறைக்கும் வால்வு உள்ள சில வண்டிகளில் அந்த வால்விலும் ஒரு ப்ளீடர் இருக்கும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, தரைவரை மிதிக்காமல் எடுங்கள். இத்தனை நாள் பிஸ்டன் தொடாத துருப்பிடித்த பகுதிக்குள் ரப்பர் போனால் கிழிந்துவிடும்.

ஆயில், மூடியில் எழுதியிருப்பது. டாட் 3-க்குப் பதில் டாட் 4 விடலாம். டாட் 5 மட்டும் சிலிகான் வகை, மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 என்பது அதுவல்ல, பெயரில் ஏமாறாதீர்கள்.

ப்ளீடர் ஒடிந்திருக்கும்போதே பைப் நட்டைத் தளர்த்திக் காற்று எடுத்துவிட முடியாதா?

கொஞ்சம் எடுக்கலாம், முழுவதும் வராது. சிலிண்டரில் ப்ளீடர் துளை ஆக உயரத்திலும் பைப் வரும் துளை அதைவிடத் தாழ்வாகவும் இருப்பது காரணத்தோடுதான். காற்று மேலே போய் ப்ளீடருக்கு அடியில் தங்கும். பைப் நட்டைத் தளர்த்தினால் அதுவரை வந்த காற்று போகும், சிலிண்டர் உச்சியில் இருப்பது அப்படியே நிற்கும்.

கேலிப்பர், ஸ்க்ரூ, ஆயில் எல்லாம் புதிது. இரண்டு லிட்டர் ஆயில் விட்டும் பெடல் பஞ்சு போல இருக்கிறது. ஏன்?

குனிந்து ப்ளீடர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். இடது, வலது கேலிப்பர்களை மாற்றிப் பூட்டினால் பல வண்டிகளில் எல்லாம் சரியாகப் பொருந்தும், ப்ளீடர் மட்டும் கீழே வந்துவிடும். எத்தனை லிட்டர் விட்டாலும் மேலே நிற்கும் காற்று கீழே இறங்கி வராது. இதை இரண்டு பேர் வண்டியில் பார்த்துவிட்டேன், இருவருமே மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றியபிறகு.

ப்ளீடர் மேலேதான் இருக்கிறது என்றால் டிரம் ஷூ சரிசெய்யாமல் இடைவெளி அதிகமாக இருக்கலாம். அப்போது இரண்டாம் மிதியில் பெடல் உயரும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஆயில் தொட்டி முழுக்கக் காலியாகி ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்திருந்தால் பெடல் மிதித்து எடுக்க முடியாது. ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

மறுபடி ஒடியாமல் இருக்க மரையில் கிரீஸ் தடவலாமா?

தடவலாம். மரையில் மட்டும், மெல்லிய படலமாக. நுனியிலும் பக்கத் துளையிலும் படக் கூடாது. செம்பு கலந்த கிரீஸோ பிரேக் ரப்பருக்கென்று வரும் கிரீஸோ நல்லது. சேஸிஸ் கிரீஸ் வேண்டாம், ரப்பருக்குப் பகை. மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு ப்ளீடரையும் கால் சுற்றுத் திறந்து, நாலு சொட்டு ஆயிலை வெளியே விட்டு மூடுகிறேன். அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

ரப்பர் மூடி தொலைந்துவிட்டது, கடையில் தனியாகத் தரமாட்டேன் என்கிறார்கள்.

ப்ளீடர் முனையில் இறுக்கமாக ஏறும் ஸ்கூட்டர் பெட்ரோல் டியூபில் ஒரு அங்குலம் நறுக்கி, மறு முனையில் குட்டையான போல்ட் ஒன்றைத் திருகி அடைத்து மாட்டிவிடுங்கள். என் ஜீப்பின் இடப் பின் சக்கரத்தில் அப்படித்தான் மூன்று மழைக்காலமாக இருக்கிறது.